நான்காம் திருத்தம்

முதல் வரைபடத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
வேலி இரண்டரை மீட்டர்,
மேல்நுனி உள்பக்கமாக நாற்பத்தைந்து பாகை சாய்வு,
மண்ணுக்குள் ஒரு முழம் இறங்கிய கம்பிவலை.
இரட்டைக் கதவு:
ஒன்றைப் பூட்டாமல் மற்றது திறக்காது.
நடுவில் ஒரு மேடு.
சிவிங்கிப்புலிக்குத் தூரம் பார்க்கப் பிடிக்கும்
என்று கையேட்டில் இருந்தது.
மேட்டின் தோளில் ஒரு காஃப் மரம்,
நம் ஊர் வன்னிதான், பெயர்தான் வேறு.
கணினியில் ஜூன் இருபத்தொன்றை ஓடவிட்டு
பகல் மூன்று மணி நிழல் எங்கே விழுகிறதோ
அங்கே தண்ணீர்த் தொட்டி.
ஷிபு சார் கையெழுத்துப் போட்டார்.

அல் தைத்துக்கு வெளியே
தக்காளித் தோட்டங்கள் முடிகிற இடத்தில்
வரைந்தபடியே கட்டினார்கள்.

அது வந்தது ஒரு வில்லாவிலிருந்து.
பறிமுதல்.
மூன்று வருடம் சோபாவில் படுத்து,
ஏசி பதினெட்டில்,
கோழித்தொடையைக் கையிலிருந்து தின்று வளர்ந்தது.
கழுத்துப்பட்டை இருந்த இடத்தில்
முடி முளைக்கவில்லை.
முன்னங்கால்களில் நகமும் இல்லை.
திரைச்சீலை கிழியுமாம்.

கூண்டைத் திறந்தோம்.
வாளி வைக்கவென்று கதவோரம்
நான் போட்டிருந்த சிமெண்டுத் திட்டு,
ஒன்றரை மீட்டருக்கு ஒன்று.
அதில் ஏறி உட்கார்ந்தது.
அவ்வளவுதான்.
எண்ணூறு சதுர மீட்டர் மணல்
நீச்சல் தெரியாதவர் முன்னால் கடல்போல
அதன் முன்னால் கிடந்தது.

மூன்றாம் நாளிலிருந்து நடந்தது.
மணலில் அல்ல,
வேலியின் அடிக்கட்டில், ஒரு சாண் அகலத்தில்.
பதினோரு எட்டு, திரும்பல்,
பதினோரு எட்டு.
இரண்டு வாரத்தில் சிமெண்டில்
எண்ணெய் படிந்ததுபோல ஒரு கறுப்புக் கோடு.
என் தப்பை அது எனக்கே வரைந்து காட்டியது,
அளவுகோல் இல்லாமல்.

பராமரிப்பாளர் அன்ரன் குலாஸ், மன்னார்க்காரர்,
தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:
"தங்கச்சி, நீங்கள் புலிக்கு வீடு கீறினீங்கள்.
இது புலி எண்டு இதுக்கு ஆர் சொன்னது?"

இரண்டாம் திருத்தம்:
மேட்டின் சரிவைப் பன்னிரண்டுக்கு ஒன்றாகக் குறைத்தேன்.
சக்கர நாற்காலிக்கு
மருத்துவமனை வாசலில் போடுகிற சரிவு.
அதற்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு
மணலில் நின்று பார்த்தேன்.
ஏழு எண்ணும்வரைதான் முடிந்தது.
கூடுதலாக ஒரு நிழல்வலை.
அது திட்டை விட்டு இறங்கவில்லை.

மூன்றாவதில்
திட்டிலிருந்து மரம்வரை டைல் பதிக்கச் சொன்னேன்.
"காட்டு மிருகத்துக்கு பாத்ரூம் டைலா?
பார்க்க வருகிறவர்கள் சிரிப்பார்கள்"
என்றார் ஷிபு சார்.
இங்கே பார்க்க யாரும் வரப்போவதில்லை என்பதை
அவர் இன்னும் முழுதாக நம்பவில்லை.
ஷார்ஜா தொழிற்பேட்டையில்
உடைந்த பெட்டிகளிலிருந்து பொறுக்கி வந்தோம்,
நாற்பதுக்கு நாற்பது, வெள்ளை.
கவிழ்த்துப் பதித்தார்கள்,
சொரசொரப்பு மேலே இருக்கும்படி.

அன்று மாலை அது மரத்தடிக்குப் போனது.
ஒருமுறை மோந்துவிட்டுத் திரும்பி வந்தது.
குலாஸ் கைதட்டவில்லை.
குழாயைத் திறக்காமல் நின்றார்,
சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று.

நான்காம் திருத்தத்தில்
புதிதாக எதையும் நான் சேர்க்கவில்லை.
டைலுக்கும் டைலுக்கும் இடையே
முதலில் நான்கு விரல் மணல்,
அப்புறம் ஒரு சாண்,
பிறகு வாரத்துக்கு ஒன்றைக் கழற்றிவிடுவது.
குளிர்காலத்தில் தொடங்கினோம்,
மணல் கொதிக்காத மாதங்களில்.
ஒரு வாரம் பின்வாங்கி
கழற்றிய இரண்டைத் திரும்பப் பதித்தோம்.

நேற்று குலாஸ் படம் அனுப்பினார்.
டைலில் படுத்திருக்கிறது.
ஒரு முன்னங்கால் மட்டும் வெளியே, மணலில்,
தூக்கத்தில் தவறி விழுந்ததுபோல.

கட்டி முடித்ததன் இறுதி வரைபடம் வேண்டுமாம் அலுவலகத்துக்கு.
எத்தனை டைல் காட்டுவது என்கிறார் ஷிபு சார்.
குறிப்பில் எழுதினேன்: எண்ணிக்கை மாறும்.
ஒன்றை மட்டும் எடுக்கவே வேண்டாம்
என்று குலாஸ் சொல்லியிருக்கிறார்,
கதவோரம் இருக்கிறதே, அது.
அதை அழுத்தமான கோட்டில் வரைந்து
அளவு போட்டேன்:
நாற்பதுக்கு நாற்பது.